நுனித்தாரை உலங்கு வானூர்தி: எழாத பொறியொன்று எழுப்பும் வினாக்கள்

தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவிப் பொறியைப் பற்றிக் கூறுவோர் ஜேம்ஸ் வாட்டைக் கூறுவர். உலங்கு வானூர்தியைப் பற்றிக் கூறுவோர் இகோர் சிகோர்ஸ்கியைக் கூறுவர். கைவிடப்பட்ட முயற்சிகள் அடிக்குறிப்புகளிலே ஒதுங்கிவிடுகின்றன. ஆயினும், ஒரு பொறி ஏன் இன்று நாம் காணும் வடிவத்தைப் பெற்றது என்பதை அறிய விரும்புவோர், அது பெறாது போன வடிவங்களையும் நோக்குதல் வேண்டும். அத்தகைய வடிவங்களுள் ஒன்று, 1956ஆம் ஆண்டிலே இங்கிலாந்திற் பரிசோதிக்கப்பட்டு, ஒரு முறையேனும் தரையை விட்டு எழாமலே உடைத்தொழிக்கப்பட்ட 'பேர்சிவல் பி.74' என்னும் உலங்கு வானூர்தியாகும். இதன் சுழலியை இயக்கிய முறை வழக்கத்துக்கு மாறானது. அம்முறையின் தத்துவத்தையும், அது எதிர்கொண்ட இடர்களையும், அதிலிருந்து நாம் பெறக்கூடிய கருத்துக்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

மாத்தளை மாவட்டம் போன்றதொரு நிலப்பகுதியில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. மாவட்டத்தின் வடக்கிலே தம்புள்ளை, சிகிரியா ஆகிய உலர்நிலச் சமவெளிகள் உள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை பயன்படுத்திய ஓடுபாதை சிகிரியாவிலேயே அமைந்தது. தெற்கிலும் கிழக்கிலுமோ நிலை வேறு. இறத்தோட்டை, றிவஸ்டன், லக்கலை எனத் தொடரும் நக்கிள்ஸ் மலைப்பகுதியிலே ஓடுபாதைக்குரிய சமநிலம் அரிது. தோட்டங்களுக்குச் செல்லும் வீதிகள் ஒடுங்கியவை. பெருமழைக்கு எளிதில் துண்டிக்கப்படுபவை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது மலையகத்தின் பல பகுதிகளில் மண்சரிவினால் வீதிகள் தடைப்பட்டன. மீட்புப் பணியிலே உலங்கு வானூர்திகள் ஈடுபடுத்தப்பட்டன. செங்குத்தாக எழுந்து செங்குத்தாக இறங்கும் பொறியின் இலாப நட்டங்களை நாம் விளங்கிக்கொள்ள வேண்டியதன் தேவை இதனாற் புலப்படும்.

1. சிக்கலின் தோற்றம்

உலங்கு வானூர்தியின் மேலே சுழலும் அலகுத் தொகுதியை ஈண்டுச் 'சுழலி' எனக் குறிப்பிடுவோம். வழக்கமான அமைப்பிலே, உடலினுள் வைக்கப்பட்ட எந்திரம் ஓர் அச்சுத்தண்டின் வழியாகச் சுழலியைத் திருப்புகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதிப்படி ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு. எனவே, எந்திரம் சுழலியை ஒரு திசையிலே திருப்ப, சுழலி எந்திரத்தையும் அதனைத் தாங்கும் உடலையும் எதிர்த்திசையிலே திருப்ப முயலும். கூரையிலே தொங்கும் மின்விசிறியின் பிடிப்பைத் தளர்த்திவிட்டால், இறக்கைகள் ஒருபுறம் சுழல அதன் உடல் மறுபுறம் சுழலத் தொடங்கும். வானிலே மிதக்கும் ஊர்திக்குப் பிடிப்பதற்குக் கூரையுமில்லை, ஊன்றுவதற்குத் தரையுமில்லை.

இம்மறுதாக்கத்தின் அளவை ஓர் எளிய கணிப்பினால் உணரலாம். 300 கிலோவாற்று வலுவுள்ள எந்திரமொன்று, செக்கனுக்கு 40 ஆரையன் கோணவேகத்திலே சுழலியைத் திருப்புவதாகக் கொள்வோம். வலுவைக் கோணவேகத்தால் வகுக்க, திருப்புதிறன் 7,500 நியூற்றன் மீற்றர் ஆகும். சுழலியின் அச்சிலிருந்து 6 மீற்றர் தொலைவிலே வால் இருப்பின், உடல் சுழலாது தடுக்க அவ்வாலிலே 1,250 நியூற்றன் விசையைப் பக்கவாட்டில் இடையறாது செலுத்துதல் வேண்டும்.

சிகோர்ஸ்கி 1939இலே தமது வி.எஸ்-300 ஊர்தியிற் செய்தது இதுவே. வாலிலே ஒரு சிறு சுழலியை நிறுத்தி, அதன் உதைப்பினாலே மறுதாக்கத்தை ஈடுசெய்தார். இன்று உலகிற் பறக்கும் உலங்கு வானூர்திகளிற் பெரும்பாலானவை இவ்வழியையே பின்பற்றுகின்றன. ஆனால் வாற்சுழலி ஊர்தியைத் தூக்குவதற்கு உதவுவதில்லை. எந்திர வலுவின் ஒரு பகுதி வெறும் ஈடுசெய்தலிலே செலவாகின்றது. அதனை இயக்க நீண்ட தண்டும் பற்சில்லுகளும் வேண்டும். மரங்களும் கம்பிகளும் நிறைந்த இடத்தில் இறங்கும்போது அது ஆபத்துக்கும் இடமாகும்.

மற்றொரு வழி, எதிரெதிர்த் திசைகளிலே சுழலும் இரு சுழலிகளை அமைத்து, ஒன்றின் மறுதாக்கத்தை மற்றொன்றினால் ஒழித்தலாகும். சோவியத் நாட்டின் காமோவ் நிறுவனம் ஒரே அச்சிலே ஒன்றன்மேல் ஒன்றாக இரு சுழலிகளை அமைத்தது. 2021 ஏப்பிரலிலே செவ்வாய்க் கோளிற் பறந்த 'இன்ஜெனுவிற்றி' என்னும் சிற்றூர்தியும் இவ்வமைப்பினதே. இங்கே வால் தேவையில்லை; ஆனால் அச்சின் தலைப்பகுதி சிக்கல் மிக்கதாகிவிடுகின்றது.

2. மூன்றாவது வழி

மேற்கூறிய இரு வழிகளும் மறுதாக்கம் தோன்றிய பின்னர் அதற்கு ஈடுதேடுபவை. மறுதாக்கமே உடலைச் சென்றடையாதவாறு சுழலியை இயக்க முடியாதா என்பது அடுத்து எழும் வினா. இதற்கு விடை நமது ஊர்களிலே தீபாவளி இரவுகளிற் சிறுவர் கொளுத்தும் சக்கர வாணத்திலே உள்ளது. சக்கரத்தை எவரும் நடுவிலிருந்து திருப்புவதில்லை. விளிம்பிலே எரியும் மருந்து வாயுவைப் பின்னோக்கித் தள்ள, அவ்வாயு விளிம்பை முன்னோக்கித் தள்ளுகின்றது. மறுதாக்கத்தை ஏற்பது வெளியேறும் வாயுவே. ஆதலால் சக்கரத்தைத் தாங்கும் ஆணி, உராய்வு நீங்கலாக, எத்திருப்பத்தையும் உணர்வதில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவின் ஹீரோன் விவரித்த நீராவிக் கோளமும் இத்தத்துவத்திலேயே சுழன்றது.

சுழலி அலகுகளின் நுனியிலே வாயுத் தாரையை வெளிவிட்டு அவற்றை இயக்கும் இம்முறையை 'நுனித்தாரை இயக்கம்' எனலாம். இதிலே வாற்சுழலி வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, கனமான பற்சில்லுப் பெட்டியும் வேண்டியதில்லை. இதன் பொருளைச் சற்று விரித்துக் கூறவேண்டும். டர்பைன் எந்திரங்கள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வன. சுழலியோ சில நூறு முறைகளே சுழலும். இவ்வேறுபாட்டை இணைப்பது பற்சில்லுப் பெட்டி. அலகு நுனியின் வேகம் ஒலியின் வேகத்தை அணுகலாகாது என்பதால், சுழலி பெரிதாகப் பெரிதாக அது மெதுவாகவே சுழல வேண்டும். மெதுவாகச் சுழலும்போது, அதே வலுவுக்குத் திருப்புதிறன் கூடுகின்றது. திருப்புதிறன் கூடப் பற்சில்லுப் பெட்டியின் திணிவும் கூடுகின்றது. எனவே மிகப்பெரிய ஊர்திகளை அமைக்க எண்ணியோரையும், மிக எளிய ஊர்திகளை அமைக்க எண்ணியோரையும் நுனித்தாரை ஒருங்கே கவர்ந்தது.

நுனித்தாரையினால் முதன்முதலிற் பறந்த உலங்கு வானூர்தி 1943இலே ஒஸ்திரியாவிற் பிறந்தது. பிரீட்ரிக் வொன் டோப்ல்ஹொவ் அமைத்த 'டபிள்யூ.என்.எவ். 342' என்ற அவ்வூர்தியிலே, எந்திரம் காற்றை நெருக்கி எரிபொருளோடு கலந்து, உள்ளீடற்ற அலகுகளின் வழியே நுனிக்கு அனுப்பிற்று. அங்கே அது எரிந்து தாரையாக வெளியேறிற்று. போர் முடிந்தபின் அக்குழுவினர் பிரிந்தனர். டோப்ல்ஹொவ் அமெரிக்காவிலே மக்டொனல் நிறுவனத்தையும், ஸ்ரெபான் பிரித்தானியாவிலே பெயரி நிறுவனத்தையும், லௌபர் பிரான்சையும் சென்றடைந்தனர். தோற்ற நாட்டின் அறிவு வென்ற நாடுகளிடையே பங்கிடப்பட்டவாறு இது. 1950களிலே மூன்று நாடுகளிலும் நுனித்தாரை ஊர்திகள் ஏறத்தாழ ஒரே வேளையில் முளைத்தமைக்கு இப்பிரிவும் ஒரு காரணமாகும்.

3. மூவகை முயற்சிகள்

நுனியிலே வெளியேறும் தாரையை எங்கே, எவ்வாறு ஆக்குவது என்பதைப் பொறுத்து இவற்றை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, எந்திரத்தையே அலகு நுனியிற் பொருத்துவது. 1950இலே பறந்த அமெரிக்காவின் 'ஹில்லர் ஹோர்னெற்', 1956இலே பறந்த நெதர்லாந்தின் 'கொலிப்ரி' ஆகியன நுனிகளிலே ராம்ஜெட் எந்திரங்களைக் கொண்டிருந்தன. ராம்ஜெட்டிலே அசையும் உறுப்புகள் இல்லை. முன்னோக்கிச் செல்லும் வேகமே காற்றை நெருக்குகின்றது. எளிமைக்கு இதனினும் மேலானதொன்றைக் காண்பது அரிது. ஆயின், ஓய்விலிருந்து அது தானாகத் தொடங்காது. சுழலியை முதலில் வேறு வழியாற் சுழற்றுதல் வேண்டும். எரிபொருளை அது பெருமளவில் விழுங்கிற்று. எந்திரம் நின்றுபோனால், நுனியிலுள்ள அதே எந்திரம் காற்றைத் தடுக்கும் சுமையாகி, ஊர்தி தற்சுழற்சியினால் மெல்ல இறங்குவதற்கு இடையூறு செய்தது.

இரண்டாவது, உடலிலே ஆக்கிய வாயுவை நுனிக்கு அனுப்பி அங்கே மீண்டும் எரிபொருள் சேர்த்து எரிப்பது. 1952இலே பறந்த அமெரிக்காவின் 'ஹியூஸ் எக்ஸ்.எச்-17' இவ்வகையினது. இதன் இரட்டை அலகுச் சுழலியின் விட்டம் ஏறத்தாழ 39.6 மீற்றர். பெருஞ்சுமைகளைத் தூக்கவல்ல இப்பொறியின் பறப்பெல்லையோ ஏறத்தாழ 64 கிலோமீற்றர் மாத்திரமே. கொண்டுசெல்லும் எரிபொருள் அதற்குமேற் போதவில்லை.

மூன்றாவது, நுனியிலே எரிக்காது, நெருக்கிய காற்றையோ வாயுவையோ மாத்திரம் வெளிவிடுவது. இதன் சிறந்த எடுத்துக்காட்டு 1953இலே பறந்த பிரான்சின் 'ஜின்' என்னும் இருவர் ஊர்தி. 'பலூஸ்த்' என்ற சிறு டர்பைன் நெருக்கிய காற்றை ஆக்க, அது அலகுகளின் வழியே சென்று நுனியில் வெளியேறிற்று. டர்பைனின் கழிவு வாயுவிலே ஒரு சுக்கானை வைத்து ஊர்தியைத் திருப்பினர். பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் பணியிலும் படைப்பணியிலும் இது பயன்பட்டது. 178 ஊர்திகள் கட்டப்பட்டன. நுனித்தாரை ஊர்திகளுள் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டது இது ஒன்றே.

4. பேர்சிவல் பி.74

பி.74 இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஆனால் அளவிலும் நோக்கத்திலும் ஜின்னினின்று வேறுபட்டது. ஏறத்தாழப் பத்துப்பேர் அமரக்கூடிய ஊர்தியாக அது திட்டமிடப்பட்டது. வாயுவை ஆக்குதற்கென இரு நேப்பியர் ஒறிக்ஸ் எந்திரங்கள் பொருத்தப்பட்டன. அவை எத்தண்டையும் திருப்பவில்லை. வாயுவை ஆக்கி அனுப்புவதே அவற்றின் பணி. எந்திரங்கள் கீழே இருந்தமையால், வாயுக் குழாய்கள் பயணிகள் அறையின் சுவரோடு மேலேறி, சுழலியின் தலையை அடைந்து, மூன்று அலகுகளினூடும் சென்று நுனிகளிலே வெளிவந்தன.

ஏட்டிலே இவ்வமைப்பு அழகானது. சுழலியைத் திருப்பும் தண்டுமில்லை, கனமான பற்சில்லுப் பெட்டியுமில்லை. நடைமுறையிலோ, நீக்கப்பட்ட ஒவ்வோர் இடரும் வேறோரிடத்திலே வேறுருவில் தலைகாட்டிற்று. சூடான வாயு செல்லும் குழாய்கள் பயணிகளை ஒட்டியே சென்றன. நிலைத்திருக்கும் குழாயையும் சுழலும் தலையையும் இணைக்கும் மூட்டு வாயு கசியாது சுழலவேண்டியதாயிற்று. விமானி சுழலியைக் கட்டுப்படுத்துதற்குப் பிரயோகிக்க வேண்டிய விசை மிகப் பெரிதாக இருந்தது. 1956இலே நிகழ்ந்த தரைப் பரிசோதனைகளிலே ஊர்தி எழவேயில்லை. வேறு எந்திரம் பொருத்தித் திருத்தியமைக்கும் எண்ணமும் நிறைவேறவில்லை. ஈற்றிலே அது இழுத்துச் செல்லப்பட்டு உடைக்கப்பட்டது.

ஒரு மாதிரியின் தோல்வி ஒரு தத்துவத்தின் தோல்வியாகாது. அதே நாட்டிலே பெயரி நிறுவனத்தின் 'றொற்றோடைன்' 1957 நவம்பர் 6ஆம் நாள் பறந்தது. எழும்போதும் இறங்கும்போதும் மாத்திரம் நுனித்தாரையைப் பயன்படுத்தி, இடைப்பட்ட பயணத்தை முன்னிழுக்கும் இரு விசிறிகளாலே நடத்திய இவ்வூர்தி, ஏறத்தாழ 40 பயணிகளைச் சுமக்கவல்லது. 1959 சனவரி 5ஆம் நாள் மணிக்கு 307 கிலோமீற்றர் வேகத்தில் உலகச் சாதனையொன்றையும் நிலைநாட்டிற்று. ஆயினும் 1962 பெப்ரவரியிலே அத்திட்டமும் கைவிடப்பட்டது.

5. தோல்வியின் காரணங்கள்

இயற்பியல் கூறும் காரணத்தை முதலிற் காண்போம். அலகு நுனி செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்திற் செல்வதாகவும், வாயு நுனியினின்று செக்கனுக்கு 600 மீற்றர் வேகத்திற் பின்னோக்கி வெளியேறுவதாகவும் கொள்வோம். செக்கனுக்கு ஒரு கிலோகிராம் வாயு வெளியேறின் 600 நியூற்றன் உதைப்பு உண்டாகும். ஆயின், அச்சிலிருந்து புறப்பட்ட வாயு நுனியை அடைவதற்குள் அலகின் வேகத்தைப் பெற வேண்டும். அவ்வேகத்தை அளிப்பது அலகே. அதற்காக 200 நியூற்றன் அளவு கழிய, எஞ்சுவது 400 நியூற்றன். அது 200 மீற்றர் வேகத்திலே செய்யும் வேலை 80 கிலோவாற்று. வெளியேறிய வாயுவோ, நிலத்தைச் சார்ந்து நோக்கும்போது, செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்திலே பின்னோக்கிச் செல்கின்றது. அதன் இயக்கசக்தியாக வீணாகுவதும் அதே 80 கிலோவாற்று. ஆகவே தாரைக்கு அளித்த சக்தியிற் சரிபாதி காற்றிலே கரைகின்றது. குழாய்களில் ஏற்படும் உராய்வும் வெப்ப இழப்பும் இதற்கு மேலானவை. தண்டும் பற்சில்லுகளும் கனமானவையேனும், தமக்குக் கிடைத்த வலுவின் மிகச் சிறு பகுதியையே இழப்பன. எனவே நுனித்தாரை ஊர்தி பொறியின் திணிவிலே மிச்சப்படுத்தியதை எரிபொருளின் திணிவிலே திருப்பிக் கொடுத்தது. குறுகிய பயணத்துக்கு அது இலாபம். நீண்ட பயணத்துக்கு நட்டம்.

இரண்டாவது காரணம் ஓசை. விரைந்து வெளியேறும் வாயு நிலைத்த காற்றோடு மோதிப் பேரொலியை எழுப்பும். நகரத்தின் நடுவே இறங்குவதற்கென்றே திட்டமிட்ட றொற்றோடைனுக்கு, நகரத்தவர் பொறுக்கமாட்டாத ஓசையே பெருங்குறையாயிற்று. ஓசையைத் தணிக்கும் முயற்சிகள் முன்னேறிக்கொண்டிருந்த வேளையிலேயே அரசின் நிதி நின்றது. அதற்கு முன்னரே, 1960இல், பிரித்தானிய வானூர்தித் தொழிற்றுறையை ஒருங்கிணைக்கும் கொள்கையின்கீழ்ப் பெயரியின் ஊர்திப் பிரிவு வெஸ்ற்லாண்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. ஆகவே றொற்றோடைனின் முடிவைப் பொறியியலால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. முதலீடு செய்வோரின் கணக்கும் அரசின் கொள்கையும் அதிலே பங்கு கொண்டன.

மூன்றாவது காரணம், போட்டிப் பொறியின் வளர்ச்சி. பிரான்சிலேயே 1955இற் பறந்த 'அலுவெற் II', இலேசான டர்பைனைத் தண்டோடு இணைத்தது. பழைய உந்துதண்டு எந்திரத்தின் பெருந்திணிவு நீங்கியதும், பற்சில்லுப் பெட்டியின் திணிவு தாங்கக்கூடியதாயிற்று. நுனித்தாரையின் முதன்மையான நியாயம் இதனால் வலுவிழந்தது. அலுவெற் வழிவந்த ஊர்திகளே பின்னர் பெங்களூரிலே 'சேத்தக்', 'சீத்தா' என்னும் பெயர்களிற் கட்டப்பட்டு இமயமலையின் உயரங்களிலே பணியாற்றின.

6. நமது நோக்கிலே

ஒரு பொறியின் தகுதியை அதன் தத்துவத்தை வைத்து மாத்திரம் அளத்தலாகாது என்பது மேற்கூறியவற்றால் தெளிவாகும். எங்கே, எவருக்காக, எத்தேவைக்கு என்ற வினாக்களும் உடன் எழுகின்றன. நகர மையத்துக்கு ஒவ்வாத ஓசை வயல்வெளியிலே பொறுக்கப்பட்டது. நீண்ட பயணத்துக்கு ஒவ்வாத எரிபொருட் செலவு, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குச் செல்லும் ஜின்னுக்குப் பெருந்தடையாகவில்லை.

இதன் மறுபக்கத்தை நமது நாட்டின் வரலாறு காட்டுகின்றது. பயிர்களுக்கு மருந்து தெளிப்பது முதலிய பணிகளுக்குப் பரவலாகப் பயன்பட்ட காமோவின் இரட்டைச் சுழலி ஊர்தியான 'கா-26' இலங்கைக்கும் வந்தது. 1971இலே இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது, சோவியத் நாட்டின் உதவியாக மிக்-17 போர் விமானங்களோடு அது வந்து சேர்ந்தது. சுழலியின் மறுதாக்கத்தைத் திறம்பட ஒழித்த அப்பொறி, தான் எப்பணிக்கு ஏவப்படுவது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் உடையதன்று. அதனைத் தீர்மானிப்பது சமூகமே.

மலைத் தோட்டங்களுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். வீதி துண்டிக்கப்பட்ட நிலையிலே நோயாளியையும் காயமுற்றோரையும் ஏற்றிச் செல்ல உலங்கு வானூர்தி இன்றியமையாதது. ஆயின் மாத்தளையின் மலைச்சரிவுகளிலே உயரம் கூடக் காற்று ஐதாகின்றது. எந்திரத்தின் வலு குறைகின்றது. தூக்கும் சுமையும் அதற்கேற்பக் குறைகின்றது. முகில் மூடிய வேளையிலே எவ்வகைச் சுழலியும் பயன்படாது. மண்சரிவு நிகழும் வேளையோ பெரும்பாலும் முகில் மூடிய வேளையே. எனவே மீட்பு ஊர்தியை நம்பியிருத்தல் தற்காப்பின் கடைசிப் படியேயாகும். சரிவு அபாயமுள்ள இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடங்களிற் குறித்து வந்துள்ளது. மாத்தளையும் அம்மாவட்டங்களுள் ஒன்று. அவ்விடங்களிலுள்ள லயங்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் கிடைப்பது முதற்படி. முதற்படியைக் கட்டாமல் கடைசிப் படியைப் பற்றி மாத்திரம் பேசுவது, மறுதாக்கத்தைக் கணிக்காது சுழலியை அமைப்பதையே ஒக்கும்.

பி.74 ஒருநாளும் பறக்கவில்லை. தண்டிலிருந்து நீக்கிய இடர் குழாயிலும், பற்சில்லிலிருந்து நீக்கிய சுமை எரிபொருளிலும் மீண்டும் தோன்றியதை அது நமக்குக் காட்டிச் சென்றது. எத்தீர்வும் ஒரு விலையுடையது. அவ்விலையைச் செலுத்துவோர் யார் என்று கேட்பது அறிவியல் கற்போரின் கடமைகளுள் ஒன்றாகும்.